சனூனின் முறை

அம்புறோஸ் குதிரையை நகர்த்தி வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே செருகிக்கொண்டான். அது அவனுடைய பழக்கம். காயை வைத்த பிறகும் கை துறுதுறுத்து வேறெதையாவது தொட்டுவிடும் என்ற பயத்தில் தன் கைகளின் மேல் தானே உட்கார்ந்துகொள்வான். எதிரே இருந்த சனூன் பலகையைப் பார்த்தான். குதிரை விலகியதால் அம்புறோஸின் ஓரத்துக் காலாள் காவல் இல்லாமல் நின்றது. சனூனின் கறுப்புக் கோட்டைக்கு அதை வெட்ட ஒரே நேர்வழி.

சனூன் கையை நீட்டினான். பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

அம்புறோஸ் இப்படிப் பிழை விடுகிற ஆளில்லை.

அது 1943ஆம் ஆண்டு மார்கழி மாதம். கொழும்பில் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் அறையில் சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் விடுமுறை தொடங்குவதால் வேடிக்கை பார்த்தவர்களில் பலர் பெட்டி கட்டப் போய்விட்டார்கள். வெளியே மழை. யுத்த காலமாகையால் பொழுதுபட்டால் விளக்கேற்ற முடியாது. அறைக்குள் வெளிச்சம் குறையக் குறைய வெள்ளைக் காய்கள் மட்டுமே துலக்கமாகத் தெரிந்தன.

"என்ன மச்சான், பேயைக் கண்டனீயே?" என்றான் அம்புறோஸ். சட்டைப் பையிலிருந்து புழுக்கொடியல் ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தான். அவித்துக் காயவைத்த அந்தப் பனங்கிழங்கு அவன் வாயில் எந்நேரமும் இருக்கும். ஊரிலிருந்து பை நிறையக் கொண்டுவருவான்.

"இந்தக் காலாளை ஏன் விட்டனீ?"

"விளையாடேக்க கேள்வி கேக்கக் கூடாது."

சனூன் மறுபடியும் யோசித்தான். வெட்டினால் ஆட்டம் தன் பக்கம் சாய்வதுபோல் தெரிந்தது. ஆனால் அப்படித் தெரியவைப்பதில்தான் அம்புறோஸ் கெட்டிக்காரன். வெட்டாமல் ராசாவை ஒரு கட்டம் பின்னுக்கு எடுத்தால் பயமில்லை. ஆட்டம் இன்னும் நீளும். அவ்வளவுதான். அவன் யோசித்து முடிப்பதற்குள் சங்கக் காரியதரிசி வந்து யன்னல்களைச் சாத்தினான். மிச்சத்தை விடுமுறைக்குப் பிறகு ஆடச் சொல்லி, பலகையை அப்படியே தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

வெளியே வரும்போது அம்புறோஸ் நெற்றியைத் தேய்த்தான். "தலை பாரமாக் கிடக்கு மச்சான். பழைய காய்ச்சல் திரும்ப வருகுதோ தெரியேல்லை. நீ ஊருக்கு வரேல்லையோ?"

"இல்லை. மாமான்ர கடையில நிண்டு படிக்கப்போறன்."

"அப்ப நல்லா யோசிச்சு வை. உன்ர முறை." அவன் மழைக்குள் இறங்கி ஓடினான்.

சனூன் அவனைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

இருவரும் மன்னார்த் தீவைச் சேர்ந்தவர்கள். சனூனுக்கு எருக்கலம்பிட்டி. அவனுடைய வாப்பா கருவாட்டு வியாபாரி. கரையோரமெல்லாம் வாங்கி மூட்டை கட்டிக் கொழும்புக்கு ரயிலேற்றுவார். அம்புறோஸுக்குப் பேசாலை. அவனுடைய தகப்பன் சந்தியோகு கடலுக்குப் போகிறவர். "எங்கட அப்பு பிடிக்க, உங்கட வாப்பா விக்க, நாங்கள் ரெண்டு பேரும் அதில படிக்கிறம்" என்று அம்புறோஸ் விடுதியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

பல்கலைக்கழகத்துக்கு முதன்முதலாகப் போன ரயிலில்தான் அவர்கள் சந்தித்தார்கள். தலைமன்னாரிலிருந்து வந்த ரயிலில் அம்புறோஸ் பேசாலையில் ஏறியிருந்தான். மன்னாரில் ஏறிய சனூனுக்கு அவன் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. மடியில் ஒரு மட்டைப் பலகையை விரித்து, காலாட்களுக்குச் சோகிச் சிப்பியும் புளியங்கொட்டையும் வைத்து அம்புறோஸ் தனியே விளையாடிக்கொண்டிருந்தான். சனூன் அதுவரை சதுரங்கம் ஆடியதில்லை. மதவாச்சியில் ரயில் மாறுவதற்குள் காய்கள் போகும் வழியெல்லாம் படித்துவிட்டான். அதற்குப் பிறகு விடுமுறைப் பயணங்களெல்லாம் அந்த ஆட்டத்திலேயே கழிந்தன. ஒருமுறைகூட அவன் அம்புறோஸை வென்றதில்லை. தோற்ற பிறகு அம்புறோஸ் காய்களைத் திரும்ப அடுக்கி எங்கே பிழைத்தது என்று காட்டுவான். அது சனூனுக்குத் தோல்வியைவிட எரிச்சலாக இருக்கும்.

போட்டியில் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக எல்லோரையும் வென்று இறுதியில் எதிரெதிரே வந்து உட்கார்ந்தபோது, சனூன் தன் மனத்துக்குள் ஒரு சபதம் எடுத்திருந்தான். ஒரே ஒரு தடவை இவனை வெல்லவேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

நத்தார்ப் பண்டிகை கழிந்த மறுநாள் புறக்கோட்டையில் மாமாவின் கடைக்கு விடுதிப் பெடியன் ஒருவன் சைக்கிளில் வந்தான். பேசாலையிலிருந்து விடுதிக்குத் தந்தி வந்திருந்தது.

"அம்புறோஸ் போயிட்டான் சனூன். மலேரியாவாம். மூளைக்கு ஏறிட்டுதாம்."

கடைக்குள் இருந்த மாமா, மரணச் செய்தி கேட்டால் ஓதும் "இன்னா லில்லாஹி"யை ஓதினார். சனூனின் வாயில் அது வரவில்லை. அவன் நெஞ்சில் முதலில் வந்தது ஒரு சொல்தான். சனூன் அதைக் கூப்பிடவில்லை. ஆனாலும் அது துள்ளிக்கொண்டு வந்தது. அப்ப ஆட்டம் எனக்கு.

அதற்குப் பிறகுதான் அம்புறோஸின் முகம் வந்தது. அழுகை வந்தது. ஜாவா யப்பானியன் கைக்குப் போன பிறகு மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து ஆஸ்பத்திரியிலும் தட்டுப்பாடு என்ற நினைப்பு வந்தது. ஆனால் வந்த வரிசையை மாற்ற முடியவில்லை. முதலில் வந்தது முதலில் வந்ததுதான். அந்தச் சொல்லோடு ஒரு கணம் ஓர் இனிப்பும் இருந்ததை அவன் அறிந்திருந்தான்.

அவன் பேசாலைக்குப் போகவில்லை. செத்தவீடு அதற்குள் முடிந்திருக்கும் என்றான். பிறகு போகலாம் என்றான். அம்புறோஸின் தாயின் முன்னால் போய் எந்த முகத்தோடு நிற்பது என்பதுதான் உண்மையான காரணம். அதை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை.

விடுமுறை முடிந்ததும் சங்கத்தில் கூடிப் பேசினார்கள். எதிராளி காலமானதால் வெற்றி சனூனுக்கே என்று முடிவு செய்தார்கள். காரியதரிசி துக்கத்தோடு கைகொடுத்தான். வேண்டாம் என்று சொல்லவேண்டுமென்று சனூன் நினைத்தான். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் கையை நீட்டினான். சில நாட்களில், வென்றவர்களின் பெயரெழுதிய பலகையில் அவனுடைய பெயரும் பொன் எழுத்தில் ஏறியது. அதற்குப் பிறகு அவன் அந்த அறைப்பக்கம் போகவில்லை.

முதல் தடவை அது விடுதிச் சாப்பாட்டறையில் நடந்தது. பகல் நேரம். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு சனூன் தனியே உட்கார்ந்திருந்தான். பின்னால் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. புழுக்கொடியலைப் பல்லால் முறிக்கிற சத்தம். அவன் திரும்பினான். வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. எலி ஏதோ முறித்திருக்கும் என்று எழுந்து போய்விட்டான். ஆனால் அன்று முதல் எதிரே ஆளில்லாத கதிரை இருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கதிரையில் ஒருவன் கைகளைத் தொடைக்கீழ் செருகிக்கொண்டு காத்திருப்பது போலிருக்கும். கோபமில்லை. அவசரமும் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். உன்ர முறை.

படிப்பை முடித்து வந்து மன்னாரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராகச் சேர்ந்த பிறகும் அது விடவில்லை. ஒருநாள் காணி விஷயமாக நானாட்டானிலிருந்து வந்த, வயல் செய்யும் ஒரு கமக்காரன் அவன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தான். பேசிக்கொண்டிருந்தவன் பதிலுக்குக் காத்திருக்கும்போது இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான். சனூனின் பேனை நின்றுவிட்டது.

"கையை எடுங்கோ" என்றான்.

"என்ன ஐயா?"

"கையை மேசையில வையுங்கோ."

கமக்காரன் பயந்துபோய்க் கைகளை மேசைமேல் விரித்து வைத்தான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனுசன் வேலை முடியும்வரை கையை அசைக்கவேயில்லை. அதைப் பார்க்கச் சனூனுக்கு வெட்கமாக இருந்தது.

சரீபாவைக் கலியாணம் செய்து எருக்கலம்பிட்டியிலேயே அவளுடைய வீட்டோடு போயிருந்த காலத்தில், அவன் சாப்பிடும்போது பாய்க்கு எதிர்ப்பக்கத்தில் எதையாவது கொண்டுவந்து வைப்பதை அவள் கவனித்தாள். ஒருநாள் தண்ணீர்க் குடம். ஒருநாள் அவனுடைய குடை. மாமியார் ஆசியா உம்மா மருமகனுக்குக் காத்துக்கறுப்புப் பட்டிருக்கிறது என்று பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு ஓதித் தண்ணீர் கொடுப்பித்தார். சனூன் வாங்கிக் குடித்தான். குடை எதிர்ப்பக்கத்திலேயே இருந்தது.

சரீபா ஒருநாள் குடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்தாள்.

"ஆர் இஞ்ச இருக்கிறது? சொல்லுங்கோ. நான் உங்கட பெண்சாதி."

அவன் சொன்னான். ரயில், மட்டைப் பலகை, காலாள், அலுமாரி எல்லாவற்றையும் சொன்னான். தந்தி வந்தபோது மனத்தில் வந்த அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை.

"அவங்கட வீட்டுக்கு ஒருக்காலும் போகேல்லையோ?"

"இல்லை."

"பேசாலை என்ன சீமையோ? போய்ட்டு வாங்கோ."

"போறன்" என்றான். போகவில்லை. மன்னாருக்கு அப்பால் அந்தப் பக்கம் போகிற வேலை வந்தால் இன்னொருவனைக் கெஞ்சி அனுப்பினான்.

யுத்தம் முடிந்த பிறகு டி.டி.ரி என்ற புது மருந்து வந்தது. அதைச் சுவரில் அடித்தால் நுளம்பு செத்துவிடும், மலேரியா ஒழிந்துவிடும் என்றார்கள். மன்னாரிலும் ஊர் ஊராக மருந்தடிக்கும் கூட்டம் போனது. கூடப் போய்ச் சனங்களோடு பேசச் சிலவேளை கச்சேரியிலிருந்து ஆள் கேட்பார்கள். 1947ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒருநாள் காலை, மருந்தடிக்கிறவர்களின் மேற்பார்வையாளர் தாவூது கச்சேரிக்கு வந்து பெரிய கிளாக்கரிடம் முறையிட்டார்.

"பேசாலையில ஒரு வீட்டில அறைக்குள்ள விடுகினமில்லை ஐயா. சாமான் எல்லாத்தையும் வெளியில எடுத்தால்தான் அடிக்கலாம். அந்த மனுசி விடமாட்டனெண்டு வாசலுக்குக் குறுக்க நிக்குது."

"என்ன சாமானாம்?"

"பெரிய சாமான் ஒண்டுமில்லை. சோகியும் புளியங்கொட்டையும் அடுக்கி வைச்ச ஒரு பலகை. அதை அசைக்கக் கூடாதாம்."

பெரிய கிளாக்கர் சிரித்தார். அருகில் நின்ற சனூன் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தான். அந்த வேலைக்கு ஆளனுப்பவேண்டும் என்று பெரிய கிளாக்கர் சுற்றிப் பார்த்தபோது, "நான் போறன்" என்று சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

சந்தியோகுவின் வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. கிடுகு வேலிக்கு வெளியே மருந்துப் பம்புகளோடு ஆட்கள் நிழலில் குந்தியிருந்தார்கள். முற்றத்து மணலில் நின்ற இளம்பெண் அவன் படலையைத் திறப்பதைப் பார்த்தாள். அம்புறோஸின் தங்கை பிரான்சிஸ்கா. அவன் அவளைக் கண்டதில்லை. ஆனால் நெற்றி அப்படியே அம்புறோஸின் நெற்றி.

"நீங்கள் சனூன் அண்ணன்தானே?" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"நிலத்தைப் பாத்துக்கொண்டுதான் நடப்பாரெண்டு அண்ணன் சொன்னவர்."

அறை வாசலில் குறுக்கே நின்ற தாய் மாக்கிறட் அவனைப் பார்த்ததும் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தார். முகத்தில் ஆச்சரியம் இல்லை. வரவேண்டிய ஆள் வந்ததுபோலப் பார்த்தார்.

"வந்திட்டியே தம்பி. இவ்வளவு நாளும் எங்க போனனீ? அவன் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறான்."

பிரான்சிஸ்கா தாய் காணாதபடி ஒதுங்கி நின்று, ஒன்றும் சொல்லவேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள்.

அறைக்குள் ஒரு கட்டில். கடலைப் பார்த்த சிறு யன்னல். சுவரோரமாக ஒரு பெட்டியின் மேல் சதுரங்கப் பலகை. அலுமாரிக்குள் பூட்டிய அந்த ஆட்டம்தான் அப்படியே அங்கே இருந்தது. வெள்ளைக்குச் சோகி, கறுப்புக்குப் புளியங்கொட்டை. மற்றக் காய்கள் அம்புறோஸ் தன் கையால் செதுக்கியவை. காவலில்லாத அந்த ஓரத்துச் சோகி. அதற்கு நேரே கறுப்புக் கோட்டை. ஒரு காயிலும் தூசி இல்லை. பலகையின் அந்தப் பக்கம் கட்டில். இந்தப் பக்கம் ஒரு முக்காலி.

"வந்த அண்டைக்கே காய்ச்சலோட இருந்து அடுக்கினவர்" என்றாள் பிரான்சிஸ்கா. "இந்த முக்காலியையும் அவர்தான் போட்டவர், உங்களுக்கெண்டு. காய்ச்சல் ஏறின நேரமெல்லாம் சனூன் வந்தவனோ எண்டுதான் கேட்டவர்."

"எனக்குத் தெரியாது தங்கச்சி. நான் கொழும்பில நிண்டனான்."

"எங்களுக்குத் தெரியும். அவருக்குத்தான் மறந்து போச்சு."

மாக்கிறட் பலகையின் முன்னால் போய் நின்றார். "சனிக்கிழமையில ஒவ்வொண்டாத் தூக்கித் துடைச்சுப்போட்டு, திரும்ப அங்கங்க வைக்கிறனான். இவங்கள் வந்து எல்லாத்தையும் கொட்டிப்போடுவாங்கள்."

சனூன் சொன்னான்: "அம்மா, நான் தூக்கிறன். ஒண்டும் அசையாமல் வெளியில கொண்டுபோய்ப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அவங்கள் அடிச்சு முடிய நானே திரும்பக் கொண்டந்து வைக்கிறன்."

தாய் அவனைப் பார்த்தார். அதே முடிவுக்குத்தான் காத்திருந்தவர்போல் தள்ளி நின்றார்.

அவன் பலகையின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினான். பாரமே இல்லை. வாசற்படியில் காலால் தடவித் தடவி இறங்கினான். முற்றத்துக்கு வந்தபோது கடற்காற்று பக்கவாட்டில் அடித்தது. பிரான்சிஸ்கா ஓடிவந்து சீலைத்தலைப்பை இரண்டு கையாலும் விரித்துக் காற்றுக்குத் தடுப்பாகப் பிடித்தாள். உள்ளே பம்பு இரைந்தது. மண்ணெண்ணெய் மணம் யன்னலால் வந்தது. தாய் வாசலில் உட்கார்ந்து சுவர்கள் நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. சனூனின் தோள் கடுத்தது. எதிரே துணியை விரித்தபடி பிரான்சிஸ்கா. இருவராலும் அந்த இடத்தைவிட்டு அசைய முடியாது. அவன் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினான்.

"தங்கச்சி, தந்தி வந்த அண்டைக்கு எனக்கு முதல் என்ன நினைப்பு வந்தது தெரியுமோ?"

அவள் துணியை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

"ஆட்டம் எனக்கெண்டு வந்தது. அவன் செத்திட்டானெண்ட துக்கம் பிறகுதான் வந்தது. அதாலதான் நான் இஞ்ச வரேல்லை."

காற்றில் ஒரு புளியங்கொட்டை உருண்டது. பிரான்சிஸ்கா ஒரு கையை விட்டு அதைப் பிடித்து, பார்க்காமலே சரியான கட்டத்தில் வைத்தாள். சொல்லியிருக்கக்கூடாது என்று சனூன் நினைத்தான்.

"நான் கீழ பாயில படுக்கிறனான்" என்றாள் அவள் கடைசியில். "அண்ணனைக் குழிக்குள்ள வைச்சிட்டு வீட்டுக்கு வரேக்க, இனிக் கட்டில் எனக்கெண்டு நினைச்சனான். கோயில் வாசல் தாண்டேல்லை, அதுக்குள்ள. இண்டைக்கு வரைக்கும் அந்தக் கட்டிலில ஒருநாளும் படுக்கேல்லை."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் அழவில்லை. அவன்தான் அழுதான். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. கண்ணீர் தாடியில் இறங்கிப் பலகையில் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தாவூது வந்து முடிந்துவிட்டது என்றார். சுவர் காயும்வரை நின்று, சனூன் பலகையைக் கொண்டுபோய்ப் பெட்டியின் மேல் வைத்தான். கை ஓய்ந்து போயிருந்தது. மாக்கிறட் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"இருந்து போடு தம்பி. உன்ர முறை."

அவன் முக்காலியில் உட்கார்ந்தான். எத்தனையோ முறை மனத்தில் ஆடிப் பார்த்த இடம். கோட்டையைத் தூக்கி அந்தச் சோகியை வெட்டினால் வெற்றி என்று கச்சேரியில் இருந்தபோது ஒரு நூறு தடவையாவது கணக்குப் போட்டிருக்கிறான். பொறி ஒன்றும் அவன் கண்ணுக்குப் படவில்லை. கை கோட்டைக்கு மேல் போனது. எதிரே கட்டிலில், அம்புறோஸின் தாய், கைகளை மடியில் கோத்துக்கொண்டு அவனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்புறோஸ் இப்படிப் பிழை விடுகிற ஆளில்லை. விரல்கள் கோட்டையை விட்டு விலகின. அவன் ராசாவை எடுத்து ஒரு கட்டம் பின்னுக்கு வைத்தான்.

பின்னால் நின்ற பிரான்சிஸ்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா விம்மலா என்று தெரியாத ஒரு சத்தம்.

"என்ன?" என்றான் சனூன்.

"அண்ணன் சொன்னவர். இதைத்தான் சொன்னவர்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அது பிழையாம். பொறியில்லையாம். தலையிடியில குதிரையை மாத்தி வைச்சிட்டாராம். ரயிலில வரேக்கதான் கண்டவராம். அவன் வெட்டினால் நான் துலைஞ்சன் எண்டு சொன்னவர். பிறகு சிரிச்சவர். ஆனா சனூன் வெட்டமாட்டான், நான் பிழை விடுவனெண்டு அவன் ஒருநாளும் நம்பமாட்டான், ராசாவைத்தான் பின்னுக்கு எடுப்பானெண்டு."

சனூன் பலகையைப் பார்த்தபடியே இருந்தான். அவனுக்குப் பயமில்லை. செத்துப்போன ஒருவன் தன் விரல் எங்கே போய் நிற்கும் என்று காய்ச்சலோடு கிடந்து சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அப்படித் தன்னை அறிந்தவன், தந்தியைக் கண்டதும் இவனுக்கு முதலில் என்ன நினைப்பு வரும் என்பதையும் அறிந்திருப்பான். அறிந்துகொண்டுதான் முக்காலியைப் போட்டு வைத்துச் சனூன் வந்தவனோ என்று கேட்டிருக்கிறான்.

பிரான்சிஸ்கா கண்ணைத் துடைத்துவிட்டுப் பலகையருகே வந்தாள். அவளுக்கும் ஆடத் தெரியும். விடுமுறையில் அண்ணனோடு ஆடியவள். "மிச்சத்தை நான் அண்ணனுக்காக ஆடட்டோ?" என்று வெள்ளைக் குதிரைமேல் கை வைத்தாள்.

"வேண்டாம்" என்றார் மாக்கிறட். குரலில் கோபமில்லை. "இனி அவன்ர முறை. அவன் யோசிக்கட்டும்."

பிரான்சிஸ்கா கையை எடுத்துக்கொண்டாள். யன்னலுக்கு வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. பிறகு தாய் எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனார்.

அன்றைக்குப் பிறகு எதிர்க் கதிரையில் யாரும் காத்திருக்கவில்லை. சரீபா பாய்க்கு எதிர்ப்பக்கம் குடையில்லாததைக் கண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சனூனுக்கு வேறொன்று தொடங்கியது. அலுவல் மத்தியில் திடீரென்று, இந்நேரம் அம்புறோஸ் என்ன யோசிப்பான் என்று ஓடும். குதிரையைத் திரும்பக் கொண்டுவருவானா, மற்றப் பக்கத்தால் வருவானா? முன்பெல்லாம் தன் காயை மட்டுமே யோசித்தவன், இப்போது அவனுடைய பக்கத்திலிருந்து பார்க்கப் பழகினான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், எதிரே நிலத்தைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெடியன்தான் தெரிந்தான்.

அதற்குப் பிறகு வேறு யாரோடும் அவன் போட்டியாக ஆடியதில்லை. பேசாலைப் பக்கம் வேலை வந்தால் இப்போது தானே கேட்டு வாங்கிக்கொண்டான். போகும்போதெல்லாம் அந்த வீட்டுக்குப் போவான். மாக்கிறட் படலையிலேயே சொல்வார். "இன்னும் போடேல்லை தம்பி. யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறான்." அவன் "பறுவாயில்லை அம்மா, ஆறுதலாப் போடட்டும்" என்பான். ஊரில் சிலர் அந்த மனுசிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். சனூனையும் சேர்த்துச் சொன்னார்கள். சந்தியோகு மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். கரைக்கு வந்தால் நல்ல மீனில் இரண்டைத் தெரிந்தெடுத்து பனையோலையில் சுற்றிச் சனூனின் கையில் கொடுப்பார்.

அந்த வருடக் கடைசியில் சரீபாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. நாற்பதாம் நாள் கழிந்து சில நாட்களில், எருக்கலம்பிட்டி வீட்டு வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. மாக்கிறட் தனியே வந்திருந்தார். மகன் போன பிறகு அவர் பேசாலையை விட்டு வெளிக்கிட்டது அதுதான் முதல் தடவை. ஆசியா உம்மா பாய் விரித்து உட்காரவைத்து, அவர் கடதாசிச் சரையில் கட்டி வந்த இறால் கருவாட்டை வாங்கிக்கொண்டார். சரீபா குழந்தையைக் கொண்டுவந்து அவருடைய மடியில் வைத்தாள்.

குழந்தை அழாமல் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டது. மாக்கிறட் குனிந்து அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடில்லை" என்றார். பிறகு பொதுவாகச் சொன்னார். "அவனுக்குச் சின்னனிலயே அடிக்கடி காய்ச்சல் வரும். இப்பிடித்தான் விரலைப் பிடிச்சுக்கொண்டு கிடப்பான். நல்ல பிள்ளையா இருந்தவன்."

வாசலில் நின்ற சனூன் "இருந்தவன்" என்ற அந்தச் சொல்லைக் கேட்டான். மகனைப் போனவனாகச் சொல்லும் ஒரு சொல் அவர் வாயில் வந்ததை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. சரீபாவும் கேட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

குழந்தை தூங்கும்வரை மாக்கிறட் மடியை அசைக்காமல் இருந்தார். வெயில் சாய்ந்ததும், சந்தியோகு கரைக்கு வந்துவிடுவார், சோறு வைக்கவேண்டும் என்று எழுந்தார். சனூன் அவரைக் கைகொடுத்து வண்டியில் ஏற்றிவிட்டான்.